ஒட்டுவது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் அளவு மாடல்கள் (நிஜத்தை ஒரே விகிதத்தில் சிறிதாக்கிச் செய்யும் உருவங்கள்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தப் பொழுதுபோக்குக்குத் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. டாங்கி, விமானம் என்று நிறுத்திவிடாமல் மனித உருவங்களையும் எடுத்துக்கொண்டு எழுதியிருந்தது இன்னும் சந்தோஷம். ஆனால் அதில் ஒரு பத்தி உறுத்திக்கொண்டே இருக்கிறது. கிட்டில், அதாவது துண்டுகளாகப் பெட்டியில் விற்கும் மாடலில், வரும் உருவத்தின் முகம் பிடிக்கவில்லையென்றால் ரெசின் என்கிற வார்ப்புப் பொருளில் செய்த ஒரு தலையை வாங்கி ஒட்டிவிடுங்கள், உருவத்துக்கு உயிர் வந்துவிடும் என்கிற மாதிரி இரண்டே வரி. எந்தப் பசை, எப்படி வெட்டுவது, வெட்டும்போது பறக்கும் தூசியை என்ன செய்வது, எதுவும் இல்லை. பக்கத்திலேயே ஒரு படம்: ஒருவர் முகக்கவசம் இல்லாமல், மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ரெசின் துண்டை உப்புத்தாளில் உலர்வாகத் தேய்க்கிறார். அந்தப் படத்துக்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதையும் விட மனசில்லாமல் கூடவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடல் கட்டாத வாசகர்களுக்காக, ரெசின் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டில் வருவது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். உலோக அச்சு இரண்டு பாதியாக மூடும், உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள், ஆறியதும் அச்சு நேராகத் திறக்க வேண்டும். நேராகத் திறக்க வேண்டும் என்பதால் உள்வாங்கிய வளைவுகளை அப்படியே எடுக்க முடியாது. காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், விரல்களுக்கு நடுவில், தொப்பி விளிம்புக்குக் கீழே எல்லாம் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டுதான் வரும். நகரும் துண்டுகள் வைத்த புது அச்சுகளில் இது கொஞ்சம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. ரெசின் வார்ப்புக்கு அச்சு சிலிக்கோன் ரப்பரில் செய்வது. அதை வளைத்து உரித்து எடுக்கலாம், அதனால் மூக்குத் துளை, உதட்டோரம், தலைக்கவச வாருக்கும் கன்னத்துக்கும் இடையே உள்ள சந்து எல்லாம் அப்படியே வந்துவிடும். ஆனால் அந்த ரப்பர் அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே கிழிய ஆரம்பித்துவிடும். அதனால்தான் ரெசின் தலைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யப்படுகின்றன, கிட்டோடு சேர்ந்து வராமல் தனியாக விற்கப்படுகின்றன.

அளவையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எதற்கு இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்று தோன்றும். 1/35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, ஒரு ஆள் சுமார் 5 சென்டிமீட்டர் உயரம். தலை ஆறரை மில்லிமீட்டர். ஒரு விரலின் தடிமன் அரை மில்லிமீட்டர். கழுத்து பொருந்துகிற இடத்தில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், நிஜ ஆளின் கழுத்தில் அது ஒரு சென்டிமீட்டர் பிளவு. கண்ணுக்கு உடனே தெரியாது, பெயின்ட் அடித்த பிறகு தெரியும். 1/72 அளவில் தலையே மொத்தம் 3 மில்லிமீட்டர்தான், அங்கே தலை மாற்றுகிற வேலைக்கு நான் போக மாட்டேன், அந்த நேரத்தை பெயின்டில் செலவிடலாம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

இப்போது தூசி. வார்ப்பு ரெசின் பெரும்பாலும் பாலியூரிதேன். இறுகிய துண்டைக் கையில் வைத்திருப்பதில் ஒரு ஆபத்தும் இல்லை. அறுத்தால், அரம் போட்டால், உப்புத்தாளில் தேய்த்தால் வரும் மாவு போன்ற தூசிதான் பிரச்சினை. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுக்கமான துகள்கள் காற்றில் நின்றுகொண்டே இருக்கும், மூச்சோடு நுரையீரல் வரை போகும். சமாளிக்கிற வழி எளிது. தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதற்கென்றே கறுப்பு உப்புத்தாள் இருக்கிறது, 400, 600, 1000 என்று. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு துண்டையும் தாளையும் அதில் நனைத்தபடியே தேய்த்தால் தூசி பறக்காமல் சேறாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். ரம்பம் போடும்போதும் அவ்வப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விடலாம். அப்புறம் முகக்கவசம். காதில் மாட்டுகிற தளர்வான துணிக் கவசம் இதற்கு உதவாது, ஓரமெல்லாம் திறந்திருக்கும். என்95 வகை வேண்டும், மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்தி ஓரத்தில் காற்று கசியாமல் போட வேண்டும், தாடி இருந்தால் அது சரியாகப் படியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சுழலும் மின் கருவி வைத்திருப்பவர்கள் அதை இந்தச் சின்னத் துண்டுகளுக்கு எடுக்காமல் இருப்பது நல்லது. வேகமாகச் சுற்றினால் ரெசின் ஒரு பக்கம் இளகும், இன்னொரு பக்கம் தூசி அறை முழுக்கப் போகும். வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்வது வாயால் ஊதுவது! ஊதின தூசி எங்கே போகும், திரும்ப நம் முகத்துக்குத்தான் வரும். குழந்தைகள் விளையாடும் அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். ரெசின் துண்டு கைக்கு வந்ததும் முதல் காரியம் கழுவுவது. அச்சிலிருந்து எளிதாகப் பிரிய வேண்டும் என்று அச்சில் ஒரு வழுவழுப்பான திரவம் தெளித்திருப்பார்கள், அது துண்டின் மேல் படிந்திருக்கும். அதன் மேல் பசையும் பிடிக்காது, பெயின்டுக்கு முன் அடிக்கும் ப்ரைமரும் பிடிக்காது, பெயின்ட் அடித்து முடித்த பிறகு மூக்கு நுனியில் தோலாக உரிந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பழைய மென்மையான டூத் பிரஷ், இது போதும். குழாய்க்கு அடியில் கழுவுகிறவர்கள் ஒரு வடிகட்டிக்குள் வைத்துக் கழுவுங்கள், ஆறரை மில்லிமீட்டர் தலை சாக்கடைக்குப் போக அரை நொடி போதும்.

அடுத்து வெட்டுவது. ரெசின் ஊற்றிய இடத்தில் தலையோடு சேர்ந்தே ஒரு கட்டை நிற்கும், கழுத்துக்குக் கீழேயோ தலைக்கவசத்துக்குப் பின்னாலோ. அவசரக்காரர்கள் ஒயர் கட்டரை எடுத்து ஒரே நறுக்காக நறுக்குகிறார்கள். பாலிஸ்டைரீன் அதைத் தாங்கும், கொஞ்சம் நசுங்கி வெட்டுப்படும். ரெசின் கண்ணாடிச் சுபாவம் உள்ளது, வெட்டுகிற கோட்டில் பிரியாமல் தனக்குப் பிடித்த இடத்தில் விண்டுவிடும், பெரும்பாலும் கழுத்தில் பாதியைச் சேர்த்து எடுத்துக்கொண்டு. மெல்லிய ரம்பம்தான் இதற்குச் சரி. எங்கே வெட்ட வேண்டுமோ அதற்கு அரை மில்லிமீட்டர் கட்டைப் பக்கமாகத் தள்ளிக் கோடு போட்டு, சுற்றிலும் நான்கு பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு வர வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து அறுத்தால் கடைசி நூலளவு பாக்கி இருக்கும்போது துண்டு தன் எடையிலேயே மடங்கி உடையும். அந்தக் கடைசி அறுப்பை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக்கொண்டு செய்வது என் பழக்கம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தெறித்த துண்டு பைக்குள்ளேயே கிடக்கும், மேசைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, கட்டையை உடனே வெட்டியே தீர வேண்டும் என்று இல்லை. முகத்துக்கு பெயின்ட் அடிக்கும்வரை அந்தக் கட்டைதான் பிடி. அடியில் துளை போட்டு ஒரு குச்சியில் செருகிக்கொண்டால் கண், புருவம், கன்னம் எல்லாம் தலையைத் தொடாமலே அடித்து முடிக்கலாம். தலைக்கவசமும் சட்டைக் காலரும் மறைக்காத முகத்தில் தூரிகை போகிற இடம் தாராளம். ஆனால் கழுத்தின் பொருத்தத்தை முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும், அறுக்க வேண்டிய கோடும் முன்னாலேயே முடிவாகியிருக்க வேண்டும். பெயின்ட் அடித்த முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கழுத்தை அரம் போடுவது யாருக்கும் வேண்டாம்.

பொருத்தம் பார்ப்பதில்தான் உங்கள் கட்டுரையின் இரண்டு வரியிலிருந்து நான் மிகவும் வேறுபடுகிறேன். ரெசின் தலையின் கழுத்து அடியில் உருண்டையாக முடிந்திருக்கும். கிட் உருவத்தின் காலரோ தட்டையாக, அல்லது சின்னக் குழியாக இருக்கும். அப்படியே வைத்தால் தலை காலருக்கு மேலே மிதக்கும், கழுத்து ஒன்றரை மடங்கு நீளமாகத் தெரியும். பத்தில் எட்டு உருவங்களில் நான் பார்க்கிற குறை இதுதான். காலருக்கு உள்ளே உருண்டை முனை உள்ள டிரில் பிட்டால், கையால் திருகியே, குடைந்துகொண்டு போக வேண்டும். காலர் விளிம்பு காகிதம் போல் மெலியும்வரை குடைந்தால் இரண்டு நன்மை. துணி துணியாகத் தெரியும், அப்புறம் தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்க்கலாம். தலை நேராக நிமிர்ந்து நின்றால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி இருக்கும். கை எதையாவது பிடித்திருந்தால் கண் அங்கே போக வேண்டும், பக்கத்தில் இன்னொரு உருவம் இருந்தால் அதன் பக்கம் லேசாகத் திரும்ப வேண்டும். ஒட்டி எடுக்கக்கூடிய களி போன்ற ப்ளூ டாக் ஒரு துணுக்கு வைத்துத் தலையைத் தற்காலிகமாக நிறுத்தி, கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்தும் பாருங்கள். பசை பாட்டிலைத் திறக்கிற நேரம் இன்னும் வரவில்லை.

கைகளைப் பற்றி யாருமே பேசுவதில்லை. எல்லோரும் தலையைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். நான் கையை முதலில் மாற்றச் சொல்வேன். கிட் முகத்தை நல்ல பெயின்ட் ஓரளவு காப்பாற்றிவிடும், நிழலும் வெளிச்சமும் போட்டு இல்லாத கன்னத்தைக்கூட இருப்பதாகக் காட்டலாம். விரல்கள் பிரியாமல் ஒரே கட்டியாக நிற்கிற கையை எந்தப் பெயின்டும் காப்பாற்றாது. ரெசின் கையைப் பொருத்தும்போது சட்டைக் கையின் முனையைத் தட்டையாக வெட்டி அதன் மேல் ஒட்டாதீர்கள், மணிக்கட்டு உடைந்தது போல் தெரியும். முனையைக் குடைந்து, மணிக்கட்டு சட்டைக்குள்ளிருந்து வருவது போல் உள்ளே இறக்க வேண்டும்.

கம்பி போடுவது இங்கேதான் வருகிறது. சூப்பர் க்ளூ நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். மணிக்கட்டில் ஒட்டுகிற இடத்தின் அகலம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் 0.4 அல்லது 0.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் மணிக்கட்டில் ஒரு துளை போட்டு, அதே தடிமனில் பித்தளைக் கம்பியைச் செருகிவிடுங்கள். எதிர்ப்பக்கத் துளை எங்கே வர வேண்டும் என்று கண்ணால் அளக்க வேண்டாம். கம்பி நுனியில் ஒரு புள்ளி ஈரப் பெயின்ட் தொட்டு, கையைச் சட்டையில் வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தால் அந்த இடத்தில் புள்ளி விழுந்திருக்கும். அங்கே துளை போடுங்கள். முதலில் ஊசி நுனியால் ஒரு குழி குத்திக்கொண்டால் பிட் வழுக்காது. பிட்டை அழுத்தாமல் திருக வேண்டும், இந்த அளவு பிட்டுகள் முறிவதற்கென்றே பிறந்தவை.

துப்பாக்கியையோ கைப்பிடியையோ பிடித்திருக்கும் கையென்றால், முதலில் பொருளைக் கையில் பொருத்தி, பிறகு கையைச் சட்டையில் பொருத்துவதா, அல்லது மாற்றியா என்று கேட்பார்கள். இரண்டு கையும் ஒரே பொருளைப் பிடிக்கிறது என்றால் எல்லாவற்றையும் கம்பியில் நிறுத்தி ஒரே நேரத்தில் சரி பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கம்பி இருந்தால் நூறு முறை கழற்றி மாட்டலாம்.

இப்போதுதான் பசை. கிட்டுக்கு வாங்கின பிளாஸ்டிக் சிமென்ட் இதற்கு ஆகாது. அது பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கிற திரவம், ரெசினை அது கரைக்காது. சூப்பர் க்ளூ அல்லது இரண்டு பகுதி கலக்கும் எபாக்சி, இரண்டில் ஒன்று. சூப்பர் க்ளூவின் சரக்கு சயனோஅக்ரிலேட், 1942-இல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது, எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கியும் வைத்தார்கள். அது காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகுகிறது. மெல்லிய படலமாக இருந்தால் உடனே பிடிக்கும், தடிமனாக ஊற்றினால் உள்ளே ஈரமாகவே கிடக்கும். நிறைய விட்டால் நிறைய ஒட்டும் என்று நினைப்பவர்களுக்கு இது எதிர்பாராத செய்தி. பாட்டிலிலிருந்து நேராக விடாமல், ஒரு தட்டில் ஒரு சொட்டு விட்டு ஊசி நுனியால் தொட்டு வையுங்கள். நகர்த்திப் பார்க்க அவகாசம் வேண்டுமென்றால் ஜெல் வகை. மூடிய இடத்தில் ஒட்டினால் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும், பெயின்ட் அடித்த முகத்தின் மேல் படிந்தால் அழுகைதான் வரும், காற்றோட்டம் இருக்கட்டும். இன்னொரு எச்சரிக்கை: வழிந்த சூப்பர் க்ளூவைப் பஞ்சால் துடைக்காதீர்கள், பருத்திக் கையுறையும் போடாதீர்கள். பருத்தியில் பட்டால் அது படுவேகமாக இறுகி, கையைச் சுடுகிற அளவுக்குச் சூடாகும், புகைகூட வரும்.

மிச்சமிருக்கும் இடைவெளியை எபாக்சி புட்டியால் (பிசைந்து வைத்தால் இறுகும் களி) அடைத்து, ஈர ஊசியால் சட்டை மடிப்பை மேலே இழுத்துவிட்டால் போதும். வார்ப்பில் குண்டூசி முனை அளவு காற்றுக் குமிழிகள் இருக்கும், கெட்டியான ப்ரைமர் ஒரு தொடு தொட்டால் மறையும். வளைந்து வந்த மெல்லிய துண்டுகளைச் சூடான தண்ணீரில் சற்று நேரம் போட்டால் இளகும், நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் அப்படியே நிற்கும். இதெல்லாம் சுலபம்.

இப்போது நிறைய பேர் வீட்டிலேயே ரெசின் பிரிண்டரில் தலை, கை எடுக்கிறார்கள், விற்கவும் செய்கிறார்கள். திரவ ரெசினைப் புற ஊதா ஒளியால் படலம் படலமாக இறுக்குகிற முறை இது, ஒரு படலம் 0.05 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. காது மடலுக்குள் உள்ள வளைவுகூட வருகிறது, நான் ரசிக்கிறேன். ஆனால் இது வேறு சரக்கு, பழைய வார்ப்பு ரெசின் பழக்கத்தை அப்படியே கொண்டுபோகக் கூடாது. தாங்கு குச்சிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும், கட்டரால் வெட்டினால் அடியில் பள்ளம் விழும், வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு எடுத்தால் பல குச்சிகள் தானாகக் கழன்று வரும். விரல் போன்ற மெல்லிய இடங்கள் வார்ப்பு ரெசினைவிட எளிதாக ஒடியும். முக்கியமானது, தொட்டால் பிசுபிசுப்பாக இருக்கிற துண்டு இன்னும் முழுதாக இறுகவில்லை. அந்தத் திரவத்தில் உள்ள அக்ரிலேட் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிப்பு வரும். நைட்ரில் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும், துண்டைக் கழுவிய ஆல்கஹாலைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது.

கள்ள வார்ப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவர் செதுக்கி விற்கும் தலையை வாங்கி, அதையே மாதிரியாக வைத்து ரப்பர் அச்சு எடுத்து, குறைந்த விலைக்கு விற்கிறார்கள். செதுக்கியவருக்கு ஒன்றும் போகாது. வாங்குகிறவருக்கும் நஷ்டம்தான்: ஒவ்வொரு நகலிலும் ரெசின் கொஞ்சம் சுருங்கும், கண் இமை மழுங்கும், நகலின் நகலுக்கு வரும்போது தலைக்கவசம் தலையில் உட்காராது. முக அமைப்பு தெரிந்ததாக இருந்து, விலை மட்டும் சந்தேகத்துக்கு இடமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரிகிறது. இடம் போதாவிட்டால் கள்ள வார்ப்பு, 1942 கதை எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், தூசிப் பத்தியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு இணைப்பின் வாசகர் ஒருவர்